ஒரு ராத்திரிக்கு ஒரு கேஸ்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒழுங்காகக் குற்றம் செய்யவும் தெரியவில்லை, செய்ததை மறைக்கவும் தெரியவில்லை, செய்யாததை இல்லை என்று சொல்லவும் தெரியவில்லை. இது ரிட்டையர்டு ஏட்டு ஆவுடையப்பனின் தீர்மானமான கருத்து. எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர் என்றாலும், தம் கருத்தை யாரிடமும் சரிபார்த்துக்கொள்ளும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

வியாழக்கிழமை காலையில் தூத்துக்குடி மாஜிஸ்திரேட் கோர்ட்டு வராந்தாவில் தூணோடு தூணாகச் சாய்ந்து உட்கார்ந்து, பெட்டி கேஸ் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டியவன், நடுரோட்டில் மாட்டைக் கட்டியவன், பஸ் ஸ்டாண்டில் ஒதுங்கக் கூடாத இடத்தில் ஒதுங்கியவன் என்று ஒரு படையே நின்றது. டவாலி பெயரைக் கூப்பிட்டதும் ஒவ்வொருவனாக உள்ளே போனான்.

"ஒத்துக்கிடுதியா?"

"ஒத்துக்கிடுதேன் எசமான்."

அபராதத்தைக் கட்டினான். வெளியே வந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனான். சினிமாக் கொட்டகையில் டிக்கெட் எடுப்பவன்கூட என்ன படம் என்று ஒரு வார்த்தை கேட்பான். இவர்கள் அதையும் கேட்கவில்லை. அவர் காலத்தில் ஒரு பெட்டி கேஸை ஒருவன் ஒத்துக்கொள்வதற்குள் போலீஸ்காரனுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும்.

"பாத்தீராவே," என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். "எவனாவது நான் செய்யலைன்னு சொல்லுதானா? எல்லாம் ஆட்டு மந்தை."

"ஆடாவது அறுக்கும்போது கத்தும் ஏட்டையா," என்றார் ஸதக்கத்துல்லாஹ்.

இவர் காயல்பட்டினத்துக்காரர். நாற்பது வயதைத் தாண்டியவர். கொழும்புக்குப் போகும் தோணி ஒன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவரை, வாய்த்துடுக்குத் தாங்காமல் தோணி முதலாளி கரையில் இறக்கிவிட்டார். இரண்டு வருஷமாக ஆவுடையப்பனின் துப்புத் தொழிலில் கூட்டாளி. சைக்கிள் இவருடையது, மூளை தம்முடையது என்பது ஆவுடையப்பன் வைத்துக்கொண்ட கணக்கு.

அவர்கள் அன்று அங்கே வந்தது பேச்சித்தாய்க்காக. அவள் புருஷன் மாசானம் ஒரு சங்கு வியாபாரி சரக்கு வைக்கிற கிட்டங்கியில் காவல்காரன். செவ்வாய்க்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் கிட்டங்கி அலமாரியிலிருந்து ஒரு வலம்புரிச் சங்கு காணாமல் போனது. வலம்புரி என்றால் சும்மா இல்லை. லட்சம் சங்கு எடுத்தாலும் ஒன்று கிடைக்குமா என்பது சந்தேகம். முன்வாசலில் மாசானம் உட்கார்ந்திருந்தான், பின்பக்கம் கடல். கடல் வழியாக ஆள் வர முடியாது, ஆகவே காவல்காரன்தான் திருடன் என்று சப்-இன்ஸ்பெக்டர் தேவபிரசாதம் முடிவு கட்டி, மறுநாள் விடியும்போதே மாசானத்தைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்.

"தூத்துக்குடியிலே கடல் வழியா ஆள் வரமாட்டானாம்," என்று அதைக் கேட்ட நிமிஷமே ஆவுடையப்பன் காறித் துப்பியிருந்தார். "இவனை எல்லாம் எவன் எஸ்.ஐ. ஆக்குனான்?"

பேச்சித்தாய் தூணுக்கு அந்தப் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். "ஏட்டையா, அந்தச் சங்கை முங்கி எடுத்ததே பவுல்தான். ஒப்படைச்சதுக்கு ஒரு துண்டைப் போத்தி அனுப்பிட்டாக. அதுல இருந்து கிட்டங்கி வாசல்ல வந்து வந்து நின்னான். என் சொத்தை ஒருக்காக் கண்ணுல காட்டுங்கன்னு முதலாளிகிட்ட மல்லுக்கு நின்னான். அவனை ஏன் பிடிக்கலை?"

அவள் சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே டவாலி கத்தினான். "பவுல். பவுல். பவுல். சந்தியாகு. சந்தியாகு. சந்தியாகு."

சங்கு குளிக்கிற பவுல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனான். பின்னாலேயே அவன் மச்சான் சந்தியாகு தலையைக் குனிந்துகொண்டு போனான். பவுலின் பெண்டாட்டி சந்தியாகுவுக்குக் கூடப்பிறந்த தங்கை. ஆவுடையப்பன் எழுந்து ஜன்னலோரம் காதை வைத்தார்.

குற்றப் பத்திரிகையைக் குமாஸ்தா வாசித்தார். செவ்வாய்க்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் இந்த இருவரும் கடற்கரையில் பொதுஜனங்கள் நடுங்கும்படி கைகலந்தார்கள். பவுல் தன் மனைவியின் நடத்தையைக் கேவலமாகப் பேசினான். சந்தியாகு துடுப்பால் அவனை அடித்து, 'உன்னைக் கடலில் முக்கிக் கொல்லாமல் விடமாட்டேன்' என்று சபதம் செய்தான்.

"ஒத்துக்கிடுதீங்களா?"

"ஒத்துக்கிடுதோம் எசமான்." இரண்டு குரலும் கோயிலில் ஜெபம் சொல்லுவது போலச் சேர்ந்தே வந்தன.

அபராதம் விழுந்தது. பவுல் கட்டினான். ரசீதை வாங்கி முத்தமிடாத குறையாக மடித்துப் பையில் வைத்தான்.

வெளியே வந்த சப்-இன்ஸ்பெக்டரை ஆவுடையப்பன் மறித்தார். "எஸ்.ஐ. சார், சங்கு காணாமப் போன அதே நேரத்துலயா இவனுக சண்டை?"

"அதேதான். எனக்கும் பவுல் மேல ஒரு சந்தேகம் இருந்தது. நேத்துச் சாயங்காலம் அவங்களே ஸ்டேஷனுக்கு வந்து சண்டை போட்டதாச் சொல்லிச் சரணடைஞ்சாங்க. இப்போ கோர்ட்டே தண்டிச்சாச்சு. அந்த நேரத்துல பவுல் கடற்கரையில இருந்தான்னு மாஜிஸ்திரேட் சொன்னப்புறம் நான் என்ன அவருக்கு மேலயா?"

"மாசக் கடைசி. கணக்குக்குக் கேஸ் பத்தலை. வீடு தேடி வந்ததும் வாங்கிப் போட்டுட்டீக."

"ஏட்டையா, நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்க," என்று சொல்லிவிட்டு தேவபிரசாதம் ஜீப்பில் ஏறினார்.

கோர்ட்டு வாசலில் பவுல் சைக்கிளை எடுத்தான். பின்னால் கேரியரில் சந்தியாகு தொத்தி ஏறினான். கொலை செய்வதாகச் சபதம் போட்டவன், யாரைக் கொல்லப்போகிறானோ அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு டபுள்ஸ் போனான்.

"வல்லாஹி, இப்படி ஒரு விரோதி எனக்கும் கிடைக்கணும்," என்றார் ஸதக்கத்துல்லாஹ். "உங்களை மிதிச்சு மிதிச்சு என் முட்டி தேஞ்சு போச்சு."

"சண்டை போட்ட ரெண்டு பேரு சேர்ந்து வந்து ஸ்டேஷன்ல சொன்னதா என் சர்வீஸ்ல கேள்விப்பட்டது இல்லவே. ஒருத்தன் வருவான், மத்தவன் ஓடுவான். அதுதான் சண்டை." ஆவுடையப்பன் கேரியரில் ஏறினார். "விடும் கடற்கரைக்கு."

"டபுள்ஸுக்குக் கேஸ் போடுவாகளே."

"போட்டா ஒத்துக்கிடாதீரும்."

புதுத் துறைமுகம் திறந்த பிறகு ஊரில் பாதிப் பேர் அந்தத் திசையைப் பார்த்துத்தான் நடந்தார்கள். லாரி லாரியாகச் சரக்கு போயிற்று. பழைய கடற்கரையில் உப்பு மூட்டை ஏற்றும் தோணிகளும், சங்கு குளிக்கிற வள்ளங்களும், கருவாட்டைச் சுற்றும் காக்கைகளும் மிச்சம். பவுல் போகிற வள்ளம் வாவு மரைக்காயருடையது. அவர் வள்ளத்து நிழலில் உட்கார்ந்து வலைக்கயிற்றுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். ஸதக்கத்துல்லாஹ்வுக்குச் சாச்சா, அதாவது சித்தப்பா முறை.

"சாச்சா, செவ்வாக்கிழமை இங்கன பெரிய சண்டையாமே?" என்றார் ஸதக்கத்துல்லாஹ்.

"அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லுது. நான் பொழுது சாயுமுன்ன அசர் தொழுதுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். பாத்தவன்னு எவனும் இல்லை. கேட்டவன்தான் நூறு பேரு."

ஆவுடையப்பன் மணலில் உட்காரவில்லை. மணலைக்கூட அவர் நம்புவதில்லை. நின்றுகொண்டே கேட்டார். "மறுநா புதன்கிழமை வள்ளம் கடலுக்குப் போச்சா?"

"போச்சு."

"பவுல் போனானா?"

"அவன்தான் முத ஆளா வந்து நின்னான். முன்ன வலம்புரி எடுத்த பாருக்கு நேராப் போகணும்னு ஒரே பிடி. அந்தப் பாறையில இப்போ சங்கு இல்லடான்னேன், கேக்கலை. மூணு தடவை முங்கினான், வெறுங்கையோட வந்தான்."

"அவனுக்குக் கயிறு பிடிச்சது யாரு?"

மரைக்காயர் தார்ச்சட்டியிலிருந்து நிமிர்ந்தார். "இது என்ன கேள்வி? மச்சான்தான். சந்தியாகு."

"நல்லா நினைச்சுப் பாத்துச் சொல்லும்."

"நினைக்கதுக்கு என்ன இருக்கு? கல்லைக் கட்டிக்கிட்டு அடியில போறவனோட உசிரு, மேல கயிறு பிடிக்கிறவன் கையில. அதனாலதான் பெண்டாட்டி கூடப்பிறந்தவனைப் பிடிக்க விடுதது. தங்கச்சி தாலியை நினைச்சாவது இழுப்பானே. கயிறு பிடிக்கிறவனோட ஒரு சொல்லு முறைச்சுக்கிட்டாக்கூட முங்க மாட்டான். ராசியாகி, கூடச் சாப்பிட்டு, அப்புறம்தான் கடல்ல கால் வைப்பான். போன வருஷம் ஒரு பய மச்சான் கல்யாணத்துல தனக்கு இலை போடலைன்னு கோவிச்சுக்கிட்டு ஒரு மாசம் கரையிலயே கிடந்தான்."

சொல்லி முடித்ததும் அவருக்கே புரிந்தது. தார் பூசுகிற கை நின்றது.

"கடல்ல முக்கிக் கொல்லுதேன்னு சாயங்காலம் சபதம் போட்டவன் கையில, விடியக்காலம் கயித்தைக் குடுத்துட்டு ஒருத்தன் அடியில போனானாம்," என்றார் ஆவுடையப்பன். "அதையும் மாஜிஸ்திரேட் நம்பிட்டாரு. கோட்டுப் போட்டவன்தானே. கயிறு பிடிச்சவன் இல்லை."

"அப்போ சண்டையே நடக்கலையா?" என்றார் மரைக்காயர்.

"சண்டைக்குத் தண்டனை நடந்திருக்கு. சண்டை நடக்கலை."

பவுலின் வீடு மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்தது. வாசலில் பவுலும் சந்தியாகுவும் ஒரே தட்டில் மீனைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். கேவலமாகப் பேசப்பட்டதாகக் கோர்ட்டில் பதிவான பெண்டாட்டி, இருவருக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன சந்தியாகு, கொலை எப்போ?" என்றார் ஸதக்கத்துல்லாஹ். "சாப்பிட்ட பிறகா?"

சந்தியாகுவுக்குப் புரையேறியது. பவுல் அசையவில்லை.

ஆவுடையப்பன் சுற்றி வளைக்கவில்லை. அது படித்தவர்கள் செய்கிற வேலை. "பவுல், செவ்வாக்கிழமை சண்டை இல்லை. புதன்கிழமை இவன்தான் உனக்குக் கயிறு பிடிச்சான். பின்பக்கம் கடல் வழியா வந்து கிட்டங்கியில பூந்தது நீ. மறுநா சங்கு இல்லாத பாறையில முங்கினது சங்கு எடுக்கதுக்கு இல்லை, வைக்கதுக்கு. சரியா?"

பெண்டாட்டி கையிலிருந்த அகப்பை நின்றது. பவுல் மட்டும் நிதானமாகக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டான். அடுத்து அவன் செய்த காரியத்தை ஆவுடையப்பன்கூட எதிர்பார்க்கவில்லை. அவன் சிரித்தான்.

"சரிதான் ஏட்டையா. நான்தான் எடுத்தேன். பாருல, எடுத்த இடத்துலயே வலையில சுத்திக் கட்டி வச்சிருக்கேன். அது என் சங்கு. இப்போ என்ன செய்வீக?"

ஆவுடையப்பன் அவனை மேலும் கீழும் பார்த்தார். நாற்பது வருஷத்தில் அவர் பார்த்த கள்ளன்மாரில் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டவன் ஒருவன் இல்லை. அதனாலேயே அவருக்குச் சந்தேகம் வந்தது. "என்னலே, பயமே இல்லாமச் சொல்லுதே?"

"எதுக்குப் பயம்?" பவுல் பையிலிருந்து அபராத ரசீதை எடுத்து விரித்தான். "செவ்வாக்கிழமை ராத்திரிக்கு நான் கட்டியாச்சு. ஒரு ராத்திரிக்கு ஒரு கேஸ்தானே. இனிமே அந்த ராத்திரிக்கு என்னை யாரும் தொட முடியாது."

 ஸதக்கத்துல்லாஹ் ரசீதை எட்டிப் பார்த்தார்.

"இதை உனக்கு எந்த வக்கீல் சொன்னான்?" என்றார் ஆவுடையப்பன்.

"வக்கீல் எதுக்கு? என் கண்ணால பாத்தது. போன கிறிஸ்துமஸுக்கு விளக்கில்லாம சைக்கிள்ல வந்தேன். மொத முக்குல போலீஸ் பிடிச்சு அபராதம் போட்டான். அடுத்த முக்குல இன்னொருத்தன் பிடிச்சான். ரசீதைக் காட்டினேன். சரி, இன்னைக்கு நீ கட்டியாச்சு, போன்னு சொல்லிட்டான். விடியுமட்டும் ஊரெல்லாம் விளக்கில்லாமச் சுத்தினேன். ஒருத்தன் கேக்கலையே."

சந்தியாகு தலையை ஆட்டினான். "நான்கூட முதல்ல அவன் சொன்னப்போ நம்பலை ஏட்டையா. பெரிய கேஸ் வாரதுக்குள்ள ஒரு சின்னக் கேஸை வாங்கிக் கட்டிட்டா முடிஞ்சு போச்சுன்னான். மச்சான் மூளைக்காரன்னு நினைச்சேன்."

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிப்பை அவர் வீணாக்குகிறவர் இல்லை. முகத்தில் ஒரு சுருக்கமும் அசையாமல் சொன்னார். "அப்படின்னா நல்லதாப் போச்சு. வா, இதையே எஸ்.ஐ.கிட்டச் சொல்லு. ரசீதையும் காட்டு. அவருதான் தெரியாமப் போட்டுக் குழப்பிக்கிட்டு இருக்காரு."

பவுல் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். ஸ்டேஷனில் நெஞ்சை நிமிர்த்தி நின்று எல்லாவற்றையும் சொன்னான். கடைசியில் ரசீதை மேஜைமேல் வைத்தான்.

தேவபிரசாதம் அதைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "லேய், இது கடற்கரையில அடிச்சிக்கிட்டதுக்கு. கட்டடத்துக்குள்ள பூந்து திருடினா முந்நூத்தி எண்பது. ஏழு வருஷம் வரைக்கும் போகும்."

பவுலின் நெஞ்சு மெல்ல இறங்கியது. "அப்போ நான் கட்டினது?"

"சண்டைக்கு," என்றார் ஆவுடையப்பன்.

"நாங்க சண்டையே போடலையே."

"அதைக் கோர்ட்டுல கேட்டாகளே, அப்போ சொல்லியிருக்கணும்."

சந்தியாகு சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பவுல் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கும் என்று நினைத்தானோ என்னவோ.

வெள்ளிக்கிழமை காலை போலீஸே பவுலை வள்ளத்தில் ஏற்றிப் பாருக்குக் கொண்டுபோனது. சந்தியாகுவைத் தவிர வேறு யார் கயிறு பிடித்தாலும் முங்கமாட்டேன் என்றான் பவுல். வேறு வழியில்லாமல் சந்தியாகுவையும் ஏற்றினார்கள். கூடப் போன கான்ஸ்டபிள் வாந்தி எடுத்தே மெலிந்து திரும்பினான். சங்கு பத்திரமாக வந்தது.

அதோடு மாசானத்துக்கு விடுதலை என்றுதான் பேச்சித்தாய் நினைத்தாள். மத்தியானம் கோர்ட்டு வராந்தாவில் புருஷனைக் கூட்டிப்போக மாற்று வேட்டியோடு நின்றாள். மாசானம் ஒல்லியான மனுஷன். பேசினால் பக்கத்தில் இருப்பவனுக்கே பாதிதான் கேட்கும். விலங்கு இல்லை, ஆனால் அவன் பக்கத்தில் ஒரு போலீஸ்காரன் நின்றான்.

தேவபிரசாதம் மாசானத்திடமும் பேச்சித்தாயிடமும் ஏதோ சொல்லிவிட்டு, ஆவுடையப்பனைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏட்டையா, திருட்டுக் கேஸ்ல இவனை விட்டாச்சு. ஆனா சும்மா விட்டா, மூணு நாள் ஏன் உள்ள வச்சேன்னு மேல கேப்பாங்க. அதனால ஒரு பெட்டி கேஸ். பொது இடத்துல கெட்ட வார்த்தை பேசினான்னு. ஒத்துக்கிட்டா சின்ன அபராதம். நானே கட்டிருதேன். இப்பவே வீட்டுக்குப் போகலாம்."

"ஆதாரம் இல்லைன்னு ஒரு தாள் எழுதி விட்டா என்ன?"

"எழுதலாம். அது மேல போய், கீழ வந்து... திங்களோ செவ்வாயோ. அதுவரைக்கும் சப்-ஜெயில்தான்."

ஆவுடையப்பன் நேராக மாசானத்திடம் போனார். "மாசானம், ஒரு கெட்ட வார்த்தை சொல்லு பாப்போம்."

மாசானம் திகைத்துப் பெண்டாட்டியைப் பார்த்தான். உதடு அசைந்தது. ரொம்ப யோசித்து, "நாசமாப் போறவனே," என்றான், அதையும் தரையைப் பார்த்து.

"அது நான் தினம் சைக்கிளைப் பாத்துச் சொல்லுதது," என்றார் ஸதக்கத்துல்லாஹ்.

"இவன் ஊரு நடுங்க ஏசினான்னு ஒத்துக்கிடப் போறான்," என்றார் ஆவுடையப்பன். "வேண்டாம்லே. நான் ஏசலைன்னு சொல்லு. சாட்சி யாருன்னு கேளு. ஒருத்தனும் வரமாட்டான். நாலு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, சுத்தமா வெளிய வரலாம்."

"நாலு நாளா?" என்றாள் பேச்சித்தாய். "ஏட்டையா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இன்னைக்கு வீட்டுக்கு வந்துரட்டும். அபராதமும் அவுகளே கட்டுதாகளாம்."

"ஏளா, நான் சொல்லுதது உனக்கு ஏறலையா? அபராதம் அவன் கட்டுவான், பேரு யாருக்கு நிக்கும்? நாளைக்கு முதலாளி சொல்லுவான், கோர்ட்டுல குத்தம் ஒத்துக்கிட்டவன் காவலுக்கு ஆகாதுன்னு. புதுத் துறைமுகத்துல வாட்ச்மேனுக்குப் போவான், போலீஸ்ல விசாரிப்பாக. அங்கன இது நிக்கும். திருடினது பவுல். அவன் வெளிய வந்து திரும்பவும் முங்குவான், கடல் அவனை விசாரிக்காது. காவல்காரனை விசாரிப்பாக."

மாசானம் முதல்முறையாகக் கொஞ்சம் சத்தமாகப் பேசினான். "சின்னக் கேஸ்தானே ஏட்டையா."

"அவனும் அதைத்தாம்லே சொன்னான்."

"மாசானம். மாசானம். மாசானம்," என்று டவாலி கூப்பிட்டான்.

மாசானம் மாற்று வேட்டியைப் பெண்டாட்டி கையிலேயே விட்டுவிட்டு உள்ளே போனான். ஜன்னல் வழியாகக் கேட்டது. ஒத்துக்கிடுதியா என்றார்கள். பதில் காதில் விழவில்லை. சத்தமாகச் சொல்லு என்றார் குமாஸ்தா. இரண்டாவது தடவையும் விழவில்லை. மூன்றாவது தடவை, வாழ்க்கையில் அவன் கத்திய ஒரே சத்தமாக, "ஒத்துக்கிடுதேன் எசமான்," என்று வந்தது.

வெளியே வந்தவனைப் பேச்சித்தாய் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆவுடையப்பன் காலில் விழவைத்தாள். "உங்களாலதான் ஏட்டையா, உங்களாலதான்."

ஆவுடையப்பன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவர்கள் இரண்டு பேரும் படியிறங்கி, டீக்கடையில் பேரம் இல்லாமல் பன்ரொட்டி வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே போனார்கள். மாசானம் நடையில்கூட ஒரு துள்ளல் இருந்தது.

"அவுகளுக்குச் சந்தோஷம், எஸ்.ஐ.க்குச் சந்தோஷம், சங்கும் கிடைச்சாச்சு," என்றார் ஸதக்கத்துல்லாஹ், சைக்கிளை நிமிர்த்திக்கொண்டே. "உங்களுக்கு மட்டும் என்ன குறை? எல்லாம் நல்லபடியா முடிஞ்சு போச்சுன்னு ஒரு நாளாவது ஒத்துக்கிடுங்களேன்."

"முடிஞ்சு போச்சுன்னு எவன் சொன்னான்?"

"ஏறுங்க, போகலாம்."

"நீரு போவும்."

ஆவுடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கோர்ட்டையும் ஸ்டேஷனையும் திரும்பிப் பாராமல், உச்சி வெயிலில் கடற்கரைத் தெருவில் இறங்கி நடந்தார். பின்னால் ஸதக்கத்துல்லாஹ் மணியை அடித்துக்கொண்டே வந்தார். கிழவர் ஒதுங்கவும் இல்லை, ஏறவும் இல்லை.